டேங்குக்கு எத்தனை மில்லி?

கஜா புயலில் என் கடல்மீன் தொட்டி போய்விட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். மைத்துனரிடம், கூட வேலை பார்த்தவர்களிடம், பூதலூர் ஸ்டேஷனில் தஞ்சாவூர் பாசஞ்சருக்காக நிற்கும்போது பேச்சுக் கொடுத்தவர்களிடம். பொய். கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16 விடியற்காலை. என் தொட்டியில் கடைசி மீன் மிதந்தது நவம்பர் 7, தீபாவளிக்கு மறுநாள். இடையில் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த ஒன்பது நாளும் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். புயல் வந்து பதிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

மீன் செத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீன் வளர்க்கிற எவர் வீட்டிலும் மீன் சாகும். என் வேலை என்னவாக இருந்தது என்று சொன்னால்தான் வெட்கம் எங்கே இருக்கிறது என்று புரியும். 1984 முதல் 2017 வரை நான் உதவி வேளாண்மை அலுவலர். சைக்கிளில் தொடங்கி டிவிஎஸ் 50-க்கு வந்து, கல்லணைக் கால்வாய்க் கரையிலேயே பாதி ஆயுளைச் சுற்றிக் கழித்தவன். (கல்லணைக் கால்வாய் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. புது ஆறுதான்.) அந்த முப்பத்து மூன்று வருஷமும் ஊர் ஊராக நான் சொன்னது ஒரே சங்கதி. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் வயலுக்குள் இறங்குங்கள். குத்தைப் பிரித்துப் பாருங்கள். என்ன பூச்சி என்று தெரிந்துகொள்ளுங்கள், எத்தனை என்று எண்ணுங்கள். அப்புறம் அடிக்கலாமா வேண்டாமா என்று பேசுவோம்.

நெல்லைத் தாக்குகிற புகையான் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தூருக்கு, அதாவது குத்தில் கிளைக்கிற ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி இருந்தால் மருந்தடிக்கலாம் என்பது கணக்கு. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதைப் புரியவைக்கத்தான் என் சர்வீஸில் பாதி போனது. கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது சிலந்தி. அதற்கப்புறம் புகையான் முன்னைவிடப் பெருகி, வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்துபோகும். இந்தோனேசியாவில் நாடே இப்படிச் சிக்கிக்கொண்டு, 1986-ல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். உழவர் வயல்வெளிப் பள்ளி என்று இங்கே நாங்கள் நடத்தியதெல்லாம் அங்கே பிறந்த யோசனைதான். இந்தக் கதையை எத்தனை களத்துமேட்டில், எத்தனை கோயில் வாசலில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

சொல்லி முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு கேள்வி வரும். மருந்தடிக்கிற தெளிப்பானை எங்கள் பக்கம் டேங்க் என்பார்கள். என்ன பூச்சி, எத்தனை பூச்சி எல்லாவற்றையும் தாண்டி, "அதெல்லாம் சரி சார், டேங்குக்கு எத்தனை மில்லி?" என்பார் ஒருவர். நான் சிரிப்பேன். கொஞ்சம் இளக்காரமாகத்தான் சிரித்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

தொட்டி ஆசை பழையது. தொண்ணூறுகளில் ஒரு முறை மண்டபம் போயிருந்தபோது வடக்குக் கரையில், பாக் நீரிணைப் பக்கம், ஒருவர் படகில் கூட்டிப்போனார். அவர் பவளப்பாறை என்று சொல்லவில்லை, பார் என்றார். இடுப்பளவு ஆழம். தண்ணீர் தெளிந்திருந்தது. பூசணிக்காய் மாதிரி உருண்டையாக ஒரு பவளம், அதன் மேல் நீலமும் மஞ்சளுமாகச் சுண்டுவிரல் நகம் அளவில் குட்டிக் குட்டிப் பூக்கள். நான் குனிந்ததும் என் நிழல் பட்டு அத்தனை பூவும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டன. பயந்துவிட்டேன். "பூ இல்ல சார், புழு" என்றார் அவர். பவளத்துக்குள் குழாய் கட்டிக் குடியிருந்து, தலையில் இருக்கிற இரண்டு விசிறியை மட்டும் வெளியே நீட்டி, தண்ணீரில் வருவதை வடிகட்டித் தின்கிற புழு. ஆங்கிலத்தில் அதற்குக் கிறிஸ்துமஸ் மரத்தின் பெயர். பவளத்தின் மேல் எனக்கு வந்த மோகம், நியாயமாகப் பார்த்தால், ஒரு புழுவின் மேல் வந்த மோகம். அதை மறந்துபோனேன்.

ஓய்வுப் பணம் வந்ததும் தஞ்சாவூரில் தொட்டி செய்தேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர். சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கலந்து, 26 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். பூதலூர் சித்திரையில் 26 டிகிரி என்றால் கூடத்துக்கு ஏசி போட்டாக வேண்டும். "பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்குப் போடல. மீனுக்குப் போடுறீங்க" என்றாள் என் மனைவி. நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

பவளம் வாங்கியது சென்னையில். புழுவுக்கு முந்திய குற்றம் இதுதான், ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். பாறை கட்டுகிற பவளங்கள் அத்தனையும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தெரியாது என்று நான் சொல்ல முடியாது. கடல் அட்டை கடத்தினார்கள் என்று ராமநாதபுரம் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "இவனுங்களை உள்ள தூக்கிப் போடணும்" என்று சொன்ன வாய் இது. அரசாங்கச் சம்பளமும் பென்ஷனும் வாங்கிய கை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கியதும், அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி அந்தத் தீவுகளில் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துபோனதும் எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலுக்கடியில் மறுபடி வைக்கிறார்கள் என்று படித்து, "இதுவும் நடவுதான்" என்று மனைவியிடம் சிலாகித்திருக்கிறேன்.

கடைக்காரர், "இந்தோனேசியாவில் சிமென்ட் வில்லையில் ஒட்டி வளர்த்தது சார், கடல்ல வெட்டினது இல்ல" என்றார். காகிதம் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார். இல்லை என்றால் வாங்க முடியாது. அதனால் கேட்கவில்லை.

மான்கொம்பு போலக் கிளை விரிகிற ரகம், அக்ரோபோரா. ஒரு சாண் உயரம், நுனிகளில் மட்டும் ஊதா. தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வந்தேன். 2018 ஆகஸ்ட் கடைசி. முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் அடித்துக்கொண்டு போன வாரம். ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நான் வெளிச்சம் எத்தனை மணி நேரம் விடுவது என்று பேசிக்கொண்டிருந்தேன்.

வந்ததை நேராகத் தொட்டியில் வைத்தேன். புது ஆட்டை வாங்கினால்கூட பத்து நாள் தனியாகக் கட்டிவைத்துவிட்டுத்தான் மந்தையில் விடுவார்கள். என் தம்பி அப்படித்தான் செய்வான். எனக்கு அது தோன்றவில்லை.

செப்டம்பர் கடைசியில் கிளைகளின் அடிப்பக்கத்தில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். எல்லாம் வட்டம். கிழிசலாகவோ திட்டாகவோ இல்லை, ஸ்டாம்ப் குத்தியதுபோல அளவெடுத்த வட்டம். படிக்கிறவர்கள் இந்த வட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை. இலையில் இருக்கிற கீறல் நீளவாக்கில் வெள்ளையா, ஓரம் பழுப்பா என்று பார்த்தே எது கடித்தது என்று சொல்கிறவன், இதை வெறுமனே 'வெளுக்கிறது' என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு ராத்திரி டார்ச்சோடு போனேன். பவளத்தின் அடியில், உயிர் போய் எலும்பு மட்டும் வெள்ளையாக நின்ற இடத்தில், அது இருந்தது. விரல் நீளம். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த உடம்பு, கணுக் கணுவாக. ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு பக்கமும் வெள்ளை மயிர்க் கற்றை. கம்பளிப்பூச்சியைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்டதுபோல இருந்தது. எலும்பின் இடுக்கில் தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் ரப்பர் மாதிரி சுருங்கி கல்லுக்குள் போய்விட்டது.

எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. செல்போனில் தேடினேன். பவளக் கிளையின் நுனியை அப்படியே வாய்க்குள் வாங்கிக்கொண்டிருக்கும் முள்புழுவின் படம் வந்தது. இதேதான் என்றேன். இதே இல்லை. படத்தில் இருந்தது ஹெர்மோடைஸ் என்கிற நெருப்புப் புழு, அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கம் இருப்பது. அது உயிருள்ள பவளத்தை உண்மையிலேயே தின்னும். என்னிடம் இருந்தது அதே குடும்பத்தில் வேறு ரகம். செத்த மீன், தின்று மிஞ்சிய தீனி, அழுகிய சதை இவற்றைத் தின்று, மணலையும் கல்லிடுக்கையும் சுத்தமாக வைப்பது. பள்ளிக்கூடப் பாடத்தில் வளைதசைப்புழு என்று படித்தோமே, அந்த வகை. மண்புழுவுக்குப் பங்காளி. பவளம் வேறு எதனாலோ செத்துக்கொண்டிருந்தது, இது மிச்சத்தைத் தின்ன வந்திருந்தது. எழவு வீட்டில் பந்தல் போட வந்தவரைப் பிடித்துக் கொலைக்கேஸில் உள்ளே வைத்தது மாதிரி ஆயிற்று.

அக்டோபர் முழுக்க வேட்டை. சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் இறால் துண்டைப் போட்டு, மூடியில் ஸ்ட்ரா நுழைகிற அளவு ஓட்டை போட்டு ராத்திரி இறக்கிவைப்பேன். காலையில் ஐந்தாறு புழு உள்ளே சுருண்டிருக்கும். நண்டுக்குப் பொறி வைக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது கஷ்டமில்லை. ஒரு நாள் அவசரத்தில் வெறுங்கையால் எடுத்தேன். அந்த மயிர் உண்மையில் மயிர் இல்லை. உள்ளே கூடான சுண்ணாம்பு ஊசி. தொட்டதும் ஒடிந்து தோலுக்குள் நிற்கும். ஆள்காட்டி விரலில் கண்ணுக்குத் தெரியாத ஐம்பது அறுபது முள். வைக்கோல் சுணை ஞாபகம் வந்தது, ஆனால் அது குளித்தால் போகும், இது மூன்று நாள் எரிந்தது. செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்தேன். அந்த வலியில் கோபம் கூடிப்போனது என்பதையும் மறைக்கக் கூடாது. மொத்தம் நாற்பத்து மூன்று புழு. இதை மட்டும் எண்ணினேன். கொன்ற பிறகு எண்ணினேன்.

புழு குறைந்தது. வட்டம் கூடியது. மணலில் பழுப்புப் பாசி படர்ந்தது, ஏனென்றால் கூட்டிப் பெருக்கியவர்களை நான் தீர்த்துவிட்டேன். வயலில் எவராவது வந்து, "அடிச்சேன் சார், பூச்சி செத்துச்சு, ஆனா பயிரு இன்னும் கருகுது" என்று சொல்லியிருந்தால், "அப்ப நீங்க கொன்னது அந்தப் பூச்சி இல்லண்ணே" என்று அரை நொடியில் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு: கல்லுக்குள்ளே இன்னும் நிறைய இருக்கிறது.

தீபாவளிக்கு முதல் நாள் ஒரு விவசாயி வீட்டுக்கு வந்தார். எனக்கு மூத்தவர். சம்பாப் பயிரில் இலைச்சுருட்டு என்று சுருண்ட இலைகள் கொஞ்சம் பறித்து வந்திருந்தார். ஓய்வு பெற்றாலும் இப்படி யாராவது வருவார்கள். பொறியை நான் அப்போதுதான் வெளியே எடுத்து வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சார் பூச்சி?"

"புழுண்ணே. அந்தப் பவளத்தைத் தின்னுது."

தொட்டியைப் பார்த்தார். பவளத்தைப் பார்த்தார். "ஒரு குத்துக்கு எத்தனை சார்?"

கிண்டல் இல்லை. அவருக்கு அந்தக் கிளைவிட்ட உருவம் ஒரு குத்து நெல்லாகத்தான் தெரிந்தது. குத்து என்றால் எண்ண வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான் பதில் சொல்லவில்லை. அவர் விடவில்லை.

"திங்கிறதப் பாத்தீங்களா?"

"ராத்திரிதான் திங்கும்ணே."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் என்ன இருந்தது என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். ஒன்றும் இருந்திருக்காது. பிறகு அவர் வயலைப் பற்றிப் பேசினோம். பத்து இலைக்கு ஒன்றுகூடச் சுருளவில்லை. "அடிக்காதீங்கண்ணே, குளவி இருக்கு, சிலந்தி இருக்கு, அதுங்க பாத்துக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். நல்ல யோசனை. அன்று சாயங்காலமே தம்பியின் ஆட்டுக்கொட்டகைக்குப் போய்க் குடற்புழு மருந்து பாட்டிலை வாங்கி வந்தேன்.

லெவாமிசோல். ஆட்டுக்குக் கிலோவுக்கு ஏழரை மில்லிகிராம். பவளம் வளர்ப்பவர்கள் சிலர் தட்டைப்புழுவுக்கு இதைப் பயன்படுத்துவதாகப் படித்திருந்தேன். அவர்கள் பவளத்தை மட்டும் தனி வாளியில் எடுத்து, அளந்து, குறிப்பிட்ட நேரம் முக்கி எடுத்துவிடுவார்கள். முழுத் தொட்டியில் ஊற்றியாக வேண்டுமென்றால், முதலில் கண்ணுக்குத் தெரிகிற புழுவையெல்லாம் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, மாற்றுத் தண்ணீர் கலந்து தயாராக வைத்து, மருந்து வேலை செய்ததும் பாதித் தண்ணீரை மாற்றிக் கரி போட்டு வடிகட்ட வேண்டும். அவ்வளவும் வாசித்தேன். வாசித்ததில் மருந்தின் பெயர் மட்டும் மனதில் நின்றது. தொட்டி 200 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே என் தொட்டி 200 கிலோ எடையுள்ள ஓர் ஆடு. ஆயிரத்து ஐந்நூறு மில்லிகிராம். காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாய்விட்டே கேட்டிருக்கிறேன்: "அப்ப டேங்குக்கு எத்தனை மில்லி?" காபி கொண்டுவந்த மனைவி, "யாரோட பேசுறீங்க?" என்றாள்.

மறுநாள் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, தீபாவளி மருந்து ஒரு உருண்டை நான் சாப்பிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தொட்டிக்கு மருந்து ஊற்றினேன்.

கால்மணி நேரத்தில் கல்லுக்குள்ளிருந்து வந்தார்கள். வந்தார்கள் என்றுதான் சொல்ல வருகிறது. நாற்பத்து மூன்றைப் பிடித்துவிட்டேன், இன்னும் பத்து இருபது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் வந்தன. நூல் மாதிரி, நரம்பு மாதிரி, நான் ஒரு நாளும் பார்த்திராதவை. நரம்பை இழுத்துப் பிடிக்கிற மருந்து அது. உடம்பு விறைத்து, வளைந்து, பாதி வெளியே பாதி உள்ளேயாக நின்றன. ஒரு கல்லின் மேல் விசிறிப் புழு ஒன்று, மண்டபத்தில் நான் பார்த்ததன் சொந்தக்காரன், குழாயைவிட்டுத் தன் விசிறியை உதிர்த்தது. தவிட்டு நிறத்தில் ஒரு காளான் குடைபோல அது மெல்லச் சுழன்று மணலில் இறங்கியது. தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாளி எடுக்கவில்லை, ஏனென்றால் கலந்துவைத்த உப்புத் தண்ணீர் ஒரு குடம்கூட இல்லை.

"ஏங்க, தண்ணி பால் மாதிரி இருக்கு" என்று விடியலில் மனைவி எழுப்பினாள். கல்லுக்குள் செத்த அத்தனையும் ஒரே ராத்திரியில் அழுகி அம்மோனியாவாகிவிட்டது. கோமாளி மீன் ஜோடியில் ஒன்று ஏற்கெனவே அடியில். இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பத்து மணிக்கு அதுவும் மிதந்தது.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. மதியம் பவளத்தை வெளியே எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்தேன். மேசை டிராயரில் என் பழைய கைலென்ஸ் இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும். கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எத்தனையோ வயலில் இறங்கிய லென்ஸ். தொட்டிக்கும் அந்த டிராயருக்கும் இடையே ஆறடி. இரண்டரை மாதத்தில் ஒரு நாளும் அதைத் திறக்கவில்லை.

தட்டில் தேங்கிய தண்ணீரில் அரை அங்குலத்துக்கும் குறைவான ஏதோ கிடந்தது. சளி என்று நினைத்தேன். லென்ஸில் பார்த்தால் உருவம். தட்டையாக, முட்டை வடிவில், கண்ணாடி மாதிரி, உள்ளே பழுப்புப் புள்ளிகள். அது தின்ற பவளத்தின் பாசியே அதன் வயிற்றில் தங்கி நிறம் கொடுத்திருந்தது. பவளத்தின் மேல் ஒட்டியிருந்தால் பவளமாகவே தெரியும். ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று. அந்த வட்டங்கள் இதன் வாய் பட்ட இடங்கள். கிளையின் அடியில், வெறும் எலும்பின் மேல், பொன்பழுப்பு நிறத்தில் முட்டைகள் பாய் விரித்ததுபோல வரிசையாக ஒட்டியிருந்தன. முள்புழு மேய்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. டார்ச் அடித்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்த அதே இடம்.

இந்தத் தட்டைப்புழுவுக்குப் பெயரே 2011-ல்தான் வைத்தார்கள். அதுவரை தொட்டிகளில் மட்டும் பிடிபட்டது, கடலில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் லிசார்ட் தீவுப் பக்கம் கண்டுபிடித்தார்கள். கடலில் இது தொல்லையாகத் தெரியாததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது எனக்குப் பாடம்: அங்கே இதைத் தின்ன ஆள் இருக்கிறது. ஆறு கோடு போட்ட சின்ன மீன் ஒன்று, ஒரு வகைச் சின்ன இறால், இவை பொறுக்கித் தின்னும். தொட்டியில் சிலந்தி இல்லாத வயல் மாதிரி இது பெருகும்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ சட்டப்படி காகிதத்தோடு வாங்கி வளர்க்கிற தமிழர் யாராவது இதைப் படித்தால், நான் பிறகு கற்றதையும் சொல்லிவிடுகிறேன். புதுப் பவளத்தை ஆறு வாரமாவது தனித் தொட்டியில் வையுங்கள். வந்த அன்றே அதற்கென விற்கிற மருந்துக் கரைசலில் முக்கி, பிப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். தட்டைப்புழு இருந்தால் சருகு மாதிரி பறந்து வரும். ஆனால் எந்தக் கரைசலுக்கும் முட்டை சாகாது. அடிப்பக்கத்து வெற்று எலும்பைச் சுரண்ட வேண்டும், அல்லது வில்லையோடு வெட்டி எறிந்துவிட்டு உயிருள்ள கிளையை மட்டும் வேறு வில்லையில் ஒட்ட வேண்டும். முட்டை பொரிந்து குஞ்சு வளர்ந்து திரும்ப முட்டையிட 27 டிகிரியில் ஐந்து வாரம் சொச்சம் ஆகும். அதற்குள் வாரம் ஒரு முறை முக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முள்புழுவை விட்டுவிடுங்கள். ரொம்பப் பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், தீனியைக் குறைத்தால் அதுவும் குறையும். துரு நிறத்தில் சின்னச் சின்னதாய்க் கண்ணாடியெல்லாம் படர்கிற தட்டைப்புழு வேறு. அது பவளத்தைத் தின்னாது, மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். உறிஞ்சி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். விசிறி விரிக்கிற எதையும் தொடாதீர்கள்.

பவளக் கூட்டை வைத்திருப்பதும் குற்றம்தான். மீன்களோடு சேர்த்துக் கொல்லையில் முருங்கைக்கு அடியில் புதைத்தேன். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒன்பதாம் நாள் புயல் வந்தது.

எங்கள் தெருவில் கரண்ட் போனது என்னவோ நிஜம். மறுநாளே வந்துவிட்டது. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்து கிடந்தது. முப்பது வருஷத்து மரங்கள். வாரக்கணக்கில் அங்கே கரண்ட் இல்லை. தார்ப்பாய்க்கும் தண்ணீருக்கும் ஜனங்கள் ரோட்டில் நின்றார்கள். அந்த வாரம் மைத்துனர் போனில், "மீனெல்லாம் எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டார். "கரண்ட் போச்சு, எல்லாம் போச்சு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது! இரண்டு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. சேர்த்து வைத்தது மட்டும்தான் நான்.

மார்கழியில் அந்த விவசாயி மறுபடி வந்தார். வேரோடு பிடுங்கிய ஒரு குத்தை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். புகையானோ என்று சந்தேகம். திண்ணையில் உட்கார்ந்தவர் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"தொட்டி எங்க சார்?"

"கஜாவுல போச்சுண்ணே."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேராவூரணியில நம்ம மச்சானுக்கு அறுபது மரம் சார். ஒண்ணு நிக்கல. உங்களுக்கு இது. எவ்வளவு ஆசையா வெச்சிருந்தீங்க" என்றார்.

சொல்லியிருக்கலாம். அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போய் லென்ஸை எடுத்து வந்து குத்தைப் பிரித்தேன். தூர் தூராக எண்ணினேன். புகையான் மொத்தமே எட்டு, தூர் பதினாலு. சிலந்தி இரண்டு. ஒன்றின் வாயில் இரை இருந்தது.

"அடிக்க வேணாம்ணே" என்றேன்.

"அடிக்கல சார்" என்று சாக்கை மடித்துக்கொண்டு எழுந்தார். "நீங்க பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."